டோர்னமென்ட் போக்கரில் எப்போது, எவ்வளவு பெட் போடுவது: புதியவருக்கான முழுமையான வழிகாட்டி

ஃப்ளஷ் பெரிதா ஸ்ட்ரெய்ட் பெரிதா என்பதெல்லாம் இரண்டு நாளில் மனப்பாடமாகிவிடும். புதியவர் தடுமாறுவது அதற்குப் பிறகுதான். தன் முறை வரும்போது எவ்வளவு வைப்பது, எதற்காக வைப்பது, எதிராளி திருப்பி ஏற்றினால் என்ன செய்வது என்ற மூன்றுக்கும் அவரிடம் பதில் இருப்பதில்லை.

காரணம் பெரும்பாலும் யோசிக்கும் வரிசைதான். கையில் வந்த இரண்டு சீட்டைப் பார்த்து, அங்கிருந்தே யோசிக்கத் தொடங்குகிறார்கள். சீட்டு மூன்றாவதாகத்தான் வர வேண்டும். முதலில் சிப்ஸ் கணக்கு, அடுத்து உட்கார்ந்திருக்கும் இடம், பிறகு சீட்டு, அதன்பின் பெட்டின் நோக்கம், கடைசியில் அளவு. கீழே உள்ள படிகளும் இதே வரிசையில்தான் போகின்றன.

எல்லாக் கணக்கும் நோ-லிமிட் டெக்சஸ் ஹோல்டம் ஆட்டத்துக்கானது: ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து பொதுச்சீட்டு, பெட்டுக்கு மேல்வரம்பு இல்லை. எடுத்துக்காட்டுகளுக்கு ஒரே லெவலை (பிளைண்ட் தொகை மாறாத ஒரு கட்டம்) வைத்துக்கொள்வோம்: சீட்டு பிரிக்கும் முன் இருவர் கட்டாயமாக வைக்கும் ஸ்மால் பிளைண்ட் 500, பிக் பிளைண்ட் 1,000, பிக் பிளைண்டில் இருப்பவர் மேசை முழுவதற்கும் சேர்த்துப் போடும் ஆன்டி 1,000. யாரும் எதுவும் செய்வதற்கு முன்பே நடுவில் 2,500 கிடக்கிறது. இந்த எண் திரும்பத் திரும்ப வரும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. இணையத்தில் பயிற்சி என்றால் காசில்லாத இலவச சிப்ஸில் மட்டும்தான். இங்கே சொல்லும் முறை அதற்கும் பொருந்தும், கோவா கேசினோ மேசைக்கும் பொருந்தும்.

1. மேசைக்குப் போகும் முன்

டோர்னமென்டின் அமைப்பு விவரத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நான்கு விஷயம் தெரிய வேண்டும்: தொடக்க சிப்ஸ் எவ்வளவு, ஒரு லெவல் எத்தனை நிமிடம், எத்தனை பேருக்குப் பரிசு, வெளியேறினால் மறுபடி கட்டி நுழைய எந்த லெவல் வரை அனுமதி. 15 நிமிட லெவலில் நல்ல கைக்காகக் காத்திருந்தால் பிளைண்டே உங்களைத் தின்றுவிடும். 40 நிமிட லெவலில் பொறுமைக்கு இடம் உண்டு.

பெட் போடும் விதிகளில் மூன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். சீட்டால் தோற்றால் பரவாயில்லை, விதி தெரியாமல் சிப்ஸ் போவது வீண்.

ரெய்ஸ் செய்பவர், அதாவது பெட்டை ஏற்றுபவர், முன்னவர் எவ்வளவு கூட்டினாரோ அந்த அளவாவது கூட்ட வேண்டும். 1,000 இருந்ததை ஒருவர் 2,200 ஆக்கினால் அவர் கூட்டியது 1,200. உங்கள் ரெய்ஸ் குறைந்தது 3,400 ஆக இருக்க வேண்டும்.

ஒருவர் 2,200 வைத்திருக்கும்போது வாய் திறக்காமல் 5,000 சிப் ஒன்றை மட்டும் வைத்தால், அது ரெய்ஸ் ஆகாது, கால்தான், அதாவது அவர் வைத்த அளவுக்கு ஈடுகட்டுவது மட்டும். அதேபோல சிப்ஸை இரண்டு தவணையாகத் தள்ளினால் முதல் தவணை மட்டுமே செல்லும்.

வாயால் சொன்னதே முதலில் செல்லும். அதனால் பழக்கம் இப்படி இருக்கட்டும்: “ரெய்ஸ், ஏழாயிரம்” என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு நிதானமாக சிப்ஸை எண்ணி வையுங்கள்.

மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். எதிராளியின் பெட்டை கால் செய்ய உங்களுக்குத் தேவையான வெற்றி வாய்ப்பு இவ்வளவு:

பாட்டில் (நடுவில் சேர்ந்த மொத்த சிப்ஸில்) மூன்றில் ஒரு பங்கு பெட்: 20%
பாதிப் பாட்: 25%
மூன்றில் இரண்டு பங்கு: 29%
முழுப் பாட்: 33%

நீங்கள் பிளஃப் செய்யும்போது (பலவீனமான கையோடு மிரட்டும்போது) அதே பெட்டுகள் எத்தனை முறை எதிராளியை ஃபோல்ட் செய்ய (கையை விட்டுவிட) வைத்தால் நஷ்டமில்லை என்பதற்கு, அதே வரிசையில்: 25%, 33%, 40%, 50%. இந்த எட்டு எண்ணும் நாக்கு நுனியில் இருந்தால், மேசையில் செய்ய வேண்டிய கணக்கில் பெரும்பகுதி முடிந்தது.

2. சிப்ஸை பிக் பிளைண்டால் வகுங்கள்

“என்னிடம் 24,000 இருக்கிறது” என்பது பயனில்லாத தகவல். பிளைண்ட் 200 ஆக இருந்தால் அது 120 பிக் பிளைண்ட், ஆடி மகிழலாம். பிளைண்ட் 2,000 என்றால் அது வெறும் 12, உயிருக்குப் போராட்டம். ஒவ்வொரு லெவல் மாறும்போதும் வகுத்துப் பாருங்கள். சீட்டு பிரிக்கும் நேரம் அதற்குப் போதும்.

உங்கள் ஸ்டாக்கை (கையிருப்பு சிப்ஸை) மட்டும் பார்த்தால் போதாது. நீங்களும் எதிராளியும் மோதும்போது, இருவரில் சிறிய ஸ்டாக் எதுவோ அதுதான் உண்மையான ஸ்டாக். உங்களிடம் 60 பிக் பிளைண்டும் அவரிடம் 11-ம் இருந்தால், அந்தக் கையில் நீங்களும் 11-தான். 60 இருக்கிறது என்ற தைரியத்தில் பலவீனமான கையோடு ரெய்ஸ் செய்து, அவர் ஆல்-இன் (இருப்பது முழுவதையும் வைப்பது) சொன்னதும் விழிப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

தோராயமான எல்லைகள்: 40-க்கு மேல் இருந்தால் ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச்சீட்டு), டர்ன் (நான்காவது), ரிவர் (ஐந்தாவது) மூன்றிலும் யோசித்து ஆட இடமுண்டு. 20 முதல் 40 வரை ரெய்ஸ் அளவைச் சுருக்க வேண்டும், ஊகத்தில் கால் செய்வதைக் குறைக்க வேண்டும். 15 முதல் 20 வரை வேறொருவரின் ரெய்ஸுக்கு மேல் ஆல்-இன் தள்ளச் சரியான அளவு. 12-க்குக் கீழே பெரும்பாலும் ஆல்-இன், இல்லாவிட்டால் ஃபோல்ட்.

3. உங்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்

இடம் என்பது பட்டனிலிருந்து (டீலர் குறி உள்ள, ஃப்ளாப் முதல் கடைசியாக ஆடும் நாற்காலி) எத்தனையாவது நாற்காலி என்பது மட்டுமல்ல. இன்னும் எத்தனை பேர் பேச (தங்கள் முறையில் முடிவு சொல்ல) வேண்டும், அவர்களிடம் எவ்வளவு ஸ்டாக் இருக்கிறது என்பதும் சேர்ந்ததுதான்.

ஒன்பது பேர் மேசையில் முதலில் பேசுபவருக்குப் பின்னால் எட்டு பேர். அவர்களில் ஒருவருக்காவது பெரிய கை இருக்கும் வாய்ப்பு அதிகம். பட்டனுக்குப் பின்னால் இரண்டே பேர். ஏஸ்-9 முதல் இடத்தில் ஃபோல்ட், பட்டனில் ரெய்ஸ். சீட்டு அதேதான், தாண்ட வேண்டிய ஆட்களின் எண்ணிக்கைதான் மாறியது.

இதைவிட முக்கியமாக, பின்னால் 15 முதல் 20 பிக் பிளைண்ட் வைத்திருப்பவர் இருவர் இருந்தால், நடுத்தரக் கைகளோடு ஓபன் செய்வதை (முதல் ரெய்ஸ் போடுவதை) குறையுங்கள். அவர்கள் ஆல்-இன் தள்ளக் காத்திருக்கும் அளவு அது. பின்னால் இருப்பவர்கள் 40-க்கு மேல் வைத்திருந்தால் அந்தத் தொல்லை குறைவு.

ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு இந்த இடம் கசக்கும், ஏனென்றால் அங்கே கண் தன் சீட்டிலேயே இருக்கும். ஆனால் ரம்மியில் அவர்கள் கற்ற ஒன்று இங்கே அப்படியே உதவும்: முதல் டிராப்புக்கு 20 புள்ளி, நடுவில் டிராப் செய்தால் 40. போக்கரிலும் மோசமான கையை விட மலிவான நேரம் முதல் சுற்றுதான்.

4. யாரும் உள்ளே வராதபோது: முதல் ரெய்ஸ்

உங்களுக்கு முன் எல்லோரும் ஃபோல்ட் செய்திருந்தால் ரெய்ஸ் செய்யுங்கள், இல்லையேல் ஃபோல்ட் செய்யுங்கள். வெறுமனே 1,000 வைத்து உள்ளே நுழைவது, குறிப்பாக முதல் இடங்களிலிருந்து, வேண்டாம். ரெய்ஸ் செய்தால் ஜெயிக்க இரண்டு வழி: எல்லோரும் விட்டுப்போவது, அல்லது கடைசியில் நல்ல சீட்டு. வெறும் கால் செய்தால் இரண்டாவது வழி மட்டுமே.

அளவு: 2 முதல் 2.5 பிக் பிளைண்ட். நம் லெவலில் 2,200 நல்ல எண். கணக்கைப் பாருங்கள். 2,200 வைத்து நடுவில் உள்ள 2,500-ஐக் குறி வைக்கிறீர்கள். எல்லோரும் 47% தடவை விட்டாலே, மற்ற நேரம் மொத்தமும் தோற்றாலும் நஷ்டமில்லை. அதையே 3,000 வைத்தால் தேவை 55% ஆகிறது. கூடுதலாக வைத்த 800-க்கு அந்த அளவு கூடுதல் ஃபோல்ட் கிடைப்பதில்லை.

முன்னால் ஒருவர் வெறும் கால் செய்து நுழைந்திருந்தால் அவருக்காக ஒரு பிக் பிளைண்ட் கூட்டுங்கள். இருவர் என்றால் இரண்டு. அவர்களுக்கு ஏற்கெனவே பாட்டில் பங்கு இருப்பதால் சிறிய ரெய்ஸுக்கு விட்டுப்போகமாட்டார்கள்.

இங்கே ஒரு கண்டிப்பு தேவை. ஏஸ்-ஏஸ் வந்தாலும், 8-7 வந்தாலும் அளவு ஒன்றே. பெரிய ஜோடிக்கு 4,000, சுமாரான கைக்கு 2,000 என்று போடுபவரை மேசை அரை மணி நேரத்தில் படித்துவிடும். அளவு மாறலாம், ஆனால் சீட்டால் அல்ல. ஸ்டாக், இடம், லெவல் ஆகியவற்றால்.

5. முன்னால் ஒருவர் ரெய்ஸ் செய்திருந்தால்

ஃபோல்ட், கால், மறு ரெய்ஸ் என்று மூன்று வழிகள். புதியவர்கள் நடுவழியை அதிகம் எடுக்கிறார்கள், ஏனென்றால் அதுதான் முடிவெடுக்காமல் இருப்பதுபோன்ற வழி.

மறு ரெய்ஸ் அளவு: அவருக்குப் பின் பேசும் இடத்தில் நீங்கள் இருந்தால் அவர் வைத்ததன் மூன்று மடங்கு. 2,200-க்கு 6,600. பிளைண்டிலிருந்து செய்தால் ஏறத்தாழ நான்கு மடங்கு, 8,500 முதல் 9,000 வரை. பிளைண்டில் இருப்பவர் அடுத்த மூன்று சுற்றிலும் முதலில் பேச வேண்டும். அந்தச் சிரமத்துக்கான விலையை இப்போதே எதிராளியிடம் வசூலிக்க வேண்டும், அதனால்தான் பெரிய அளவு.

இது 30 பிக் பிளைண்டுக்கு மேல் இருக்கும்போது. 18 இருந்தால் 6,600 வைக்க வேண்டாம். காரணம் கணக்கிலேயே தெரிகிறது: 18,000-இல் 6,600 வைத்தபின் அவர் ஆல்-இன் சொன்னால், மீதி 11,400 வைத்து 27,100-ஐப் பிடிக்க வேண்டும். தேவையான வாய்ப்பு 30% மட்டுமே. ஏறக்குறைய எந்தக் கையையும் விட முடியாத விலை அது. எப்படியும் முழுவதும் போகப்போகிறது என்றால், முதலில் தள்ளுபவராக நீங்கள் இருங்கள். அப்போது ஃபோல்ட் செய்ய வேண்டிய சங்கடம் அவருடையது.

சிறு ஜோடியோடு கால் செய்வது தனியாகப் பேச வேண்டிய விஷயம். 4-4 வைத்துக்கொண்டு மூன்றாவது 4-க்காகக் காத்திருப்பவர், ஃப்ளாப்பில் அதைப் பெறும் வாய்ப்பு 12%-க்குச் சற்றுக் குறைவு. எட்டு, ஒன்பது தடவைக்கு ஒருமுறை. கிடைத்தாலும் எதிராளி முழு ஸ்டாக்கையும் தருவார் என்று உறுதியில்லை. அதனால் கால் செய்யும் தொகையைப் போல் குறைந்தது 15 முதல் 20 மடங்கு இருவரிடமும் இருக்க வேண்டும். 2,200 கால் செய்ய 33,000-க்கு மேல். 20,000 வைத்துக்கொண்டு இந்த ஆசைப்படுவதுதான் நடுக்கட்டத்தில் ஸ்டாக் கரைந்துபோவதற்கு முதல் காரணம்.

பிக் பிளைண்டில் மட்டும் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். 2,200-க்கு எதிராக இன்னும் 1,200 வைத்தால் போதும், நடுவில் 4,700 இருக்கிறது. தேவை 20%. ஆனாலும் 9-3 போன்ற கைகளை விட்டுவிடுங்கள். ஃப்ளாப்புக்குப் பின் முதலில் பேசும் இடத்தில் அந்த 20% முழுவதும் கைக்கு வந்து சேராது.

6. 12 பிக் பிளைண்டுக்குக் கீழே

இங்கே பெட் அளவு என்ற கேள்வியே கிட்டத்தட்ட இல்லை. 12,000-இல் 2,200 ரெய்ஸ் செய்து, பட்டன் ஆல்-இன் சொன்னால், மீதி 9,800 வைத்து 16,700-ஐப் பிடிக்க வேண்டும். தேவை 37%. விட்டால் ஸ்டாக்கில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். பிடித்தால் பெரும்பாலும் பின்தங்கிய கையோடு பிடிப்பீர்கள். இரண்டுமே மோசம். ஆகவே நேராக ஆல்-இன்.

எதைத் தள்ளுவது? 10 பிக் பிளைண்டோடு பட்டனில், முன்னால் எல்லோரும் விட்டிருந்தால், எல்லா ஜோடியும், எல்லா ஏஸும், இரண்டு படச்சீட்டும் தள்ளலாம். ஒன்பது பேரில் முதல் இடத்தில் அதுவே 6-6-க்கு மேற்பட்ட ஜோடி, ஏஸ்-10-க்கு மேல், ஒரே சூட் கிங்-குயின் என்று சுருங்கிவிடும்.

தள்ளுவதும் தள்ளியதைப் பிடிப்பதும் ஒன்றல்ல. தள்ளுபவருக்கு எதிராளி விட்டுப்போகும் வாய்ப்பும் லாபம். பிடிப்பவருக்கு அது இல்லை, சீட்டு மட்டுமே. கிங்-9 பட்டனில் தள்ளத் தகுந்த கை. அதே கிங்-9 வேறொருவரின் 10 பிக் பிளைண்ட் ஆல்-இன்னுக்கு எதிராகப் பெரும்பாலும் ஃபோல்ட்.

இன்னொன்று, 4 அல்லது 5 பிக் பிளைண்ட் ஆகும்வரை “நல்ல கை வரட்டும்” என்று காத்திருக்காதீர்கள். அப்போது தள்ளினால் பிக் பிளைண்டில் இருப்பவருக்குக் கால் செய்வது மலிவு, யாரும் விடமாட்டார்கள். மிரட்டும் சக்தி இருக்கும்போதே பயன்படுத்த வேண்டும்.

7. ஃப்ளாப்பில்: நோக்கம் முதலில், அளவு பிறகு

நீங்கள் 2,200 ரெய்ஸ் செய்தீர்கள், பிக் பிளைண்ட் கால் செய்தார். பாட் 5,900. இப்போது சிப்ஸைத் தொடுவதற்கு முன் ஒரே கேள்வி: இந்த பெட் எதற்கு?

பதில் இரண்டே இருக்க முடியும். என்னைவிட மோசமான கை கால் செய்ய வேண்டும் என்பது ஒன்று. என்னைவிட நல்ல கை, அல்லது என்னை முந்தக்கூடிய கை, விட்டுப்போக வேண்டும் என்பது மற்றொன்று. “என் கை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க” என்பது பதில் அல்ல. அந்தத் தகவலுக்கு 3,000 கொடுத்தும், கால் செய்தவர் என்ன வைத்திருக்கிறார் என்று தெரியாமலே டர்னுக்குப் போவீர்கள்.

கிங்-7-2, மூன்றும் வேறு சூட் என்று ஃப்ளாப் வந்தால், யாருக்கும் டிரா (ஒரு சீட்டு வந்தால் முடியும் ஃப்ளஷ், ஸ்ட்ரெய்ட்) இல்லை. ரெய்ஸ் செய்தவரிடம் கிங் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று எதிராளியும் அறிவார். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 2,000, போதும். 25% தடவை அவர் விட்டாலே சரிக்குச் சரி. 10-5 வைத்திருப்பவர் 2,000-க்கும் விடுவார், 4,000-க்கும் விடுவார். எதற்குக் கூடுதல்?

9-8-7, அதில் இரண்டு ஆட்டின் என்றால் கதை வேறு. பிக் பிளைண்டில் கால் செய்தவரின் கைகளுக்கு இது நன்றாகப் பொருந்தும் ஃப்ளாப். உங்கள் ஏஸ்-கிங்குக்கு இங்கே வேலையில்லை. செக் செய்யுங்கள், அதாவது பெட் போடாமல் முறையை விடுங்கள். பலமான கை இருந்தால் 4,000-க்குக் குறையாமல் வையுங்கள். டிரா வைத்திருப்பவருக்கு அடுத்த சீட்டை மலிவாகக் காட்டக் கூடாது.

இரண்டு பேருக்கு மேல் உள்ளே இருந்தால் பிளஃப்பை மறந்துவிடலாம். ஒருவர் விடும் வாய்ப்பு பாதி என்றால், மூவரும் விடும் வாய்ப்பு எட்டில் ஒன்று.

பலமான கை இருக்கும்போது இன்னொரு கணக்கு: மீதி ஸ்டாக்கை பாட்டால் வகுங்கள். 25,000-இல் தொடங்கி 2,200 போனபின் மீதி 22,800. பாட் 5,900. ஏறக்குறைய நான்கு மடங்கு. ஃப்ளாப்பில் 3,000, டர்னில் 6,000, ரிவரில் மீதி 13,800 ஆல்-இன் என்று, சுமார் பாதிப் பாட் வீதம் மூன்று பெட்டில் முழு ஸ்டாக்கும் இயல்பாக உள்ளே போய்விடும். ஃப்ளாப்பில் 1,000 மட்டும் வைத்துத் தொடங்குபவர், ரிவரில் பாட்டைவிடப் பெரிய தொகையைத் திடீரென்று தள்ள வேண்டிவரும். அதை யாரும் கால் செய்யமாட்டார்கள்.

8. எதிராளி பெட் போட்டால்

முதலில் விலை, பிறகு உங்கள் வாய்ப்பு. மேலே மனப்பாடம் செய்த நான்கு எண்களில் எது என்று பாருங்கள்.

டிரா வாய்ப்பைக் கணக்கிட, உங்களுக்கு உதவும் சீட்டுகளை எண்ணுங்கள். ஒரு சீட்டு மட்டும் வரவேண்டியிருந்தால் 2-ஆல் பெருக்குங்கள், இரண்டு சீட்டும் பார்க்கப்போகிறீர்கள் என்றால் 4-ஆல். ஃப்ளஷ் டிராவுக்கு 9 சீட்டு: ஒரு சீட்டுக்குச் சுமார் 19%, இரண்டுக்கும் சேர்த்து 35%. இருபுறமும் திறந்த ஸ்ட்ரெய்ட் டிராவுக்கு 8 சீட்டு: 17%, 31%. நடுவில் ஒரு சீட்டு மட்டும் தேவையென்றால் 4 சீட்டு: 9%, 16%.

தவறு நடப்பது எந்த எண்ணை எடுப்பது என்பதில்தான். ஃப்ளாப்பில் எதிராளி பாதிப் பாட் பெட் போடுகிறார், தேவை 25%. “ஃப்ளஷ் டிராவுக்கு 35% இருக்கிறதே” என்று கால் செய்கிறார்கள். அந்த 35% இரண்டு சீட்டையும் பார்த்தால்தான். டர்னில் அவர் இன்னொரு பெட் போடுவார், அதற்கும் விலை கொடுக்க வேண்டும். ஆல்-இன்னாக இருந்தால் மட்டும் 4-ஆல் பெருக்குங்கள். மற்ற நேரம் 2-ஆல் பெருக்கி, வந்தால் அவரிடமிருந்து மேலும் எவ்வளவு எடுக்க முடியும் என்று பாருங்கள். அவரிடம் மீதி ஸ்டாக் குறைவு என்றால் எடுக்க ஒன்றும் இருக்காது.

ஏற்கெனவே போட்ட சிப்ஸ் உங்களுடையதல்ல, பாட்டினுடையது. “இவ்வளவு போட்டாயிற்றே” என்பதை விலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பாட் பெரிதாகி விலை மலிந்திருப்பது அந்தச் சதவீதத்திலேயே வந்துவிடுகிறது.

9. டர்ன், ரிவர்

டர்னில் பெட் போடும் முன், புதிய சீட்டு யாருக்கு உதவியது என்று பாருங்கள். கிங்-7-2-இல் ஏஸ் வந்தால் பெரும்பாலும் ரெய்ஸ் செய்தவருக்கு. 9-8-7-இல் மூன்றாவது ஆட்டின் வந்தால் கால் செய்தவருக்கு. ஃப்ளாப்பில் பிளஃப் செய்து கால் வாங்கியபின், உதவாத சீட்டில் பிடிவாதமாகத் தொடர்வது விலையுயர்ந்த பழக்கம்.

ரிவரில் டிரா எதுவும் மிச்சமில்லை, கணக்கு சுத்தமாகிவிடும். பெட் போடும் முன், கால் செய்யக்கூடிய மோசமான கைகள் மூன்றைப் பெயர் சொல்லுங்கள். மூன்று கிடைக்காவிட்டால் அது லாபத்துக்கான பெட் அல்ல. பிளஃப் என்றால் விட்டுப்போகக்கூடிய நல்ல கைகள் மூன்று. அதுவும் இல்லையென்றால் செக். நடுத்தரக் கைகள் பலவும் இந்தச் சோதனையில் செக்கில்தான் முடியும், முடியட்டும்.

10. பரிசு நெருங்கும்போது கணக்கு மாறுகிறது

பணமேசை ஆட்டத்தில் 1,000 சிப்ஸ் என்றால் அதன் மதிப்பு எப்போதும் அதே. டோர்னமென்டில் இழக்கும் சிப், ஜெயிக்கும் சிப்பைவிட விலை உயர்ந்தது. இதை ஐசிஎம் என்ற முறையில் கணக்கிடுகிறார்கள்.

நான்கு பேர் மீதி, ஆளுக்கு 10,000 சிப்ஸ். மூவருக்குப் பரிசு: 50,000, 30,000, 20,000 ரூபாய். எல்லோரும் சமம் என்பதால் ஒவ்வொருவரின் பங்கு 25,000. ஒருவர் ஆல்-இன் சொல்கிறார், நீங்கள் கால் செய்து ஜெயித்தால் 20,000 சிப்ஸ். உங்கள் பங்கு 50,000 ஆகாது, 38,333 ரூபாய் மட்டுமே. தோற்றால் பூஜ்யம். 25,000-ஐ 38,333-ஆல் வகுத்தால் 65% வருகிறது. சிப்ஸ் கணக்கில் 50% போதும் என்றிருந்த கால், இங்கே 65% கேட்கிறது.

வேறு சூட் ஏஸ்-கிங் ஒரு நடுத்தர ஜோடிக்கு எதிராக ஏறத்தாழ 45%. தொடக்க லெவலில் மகிழ்ச்சியோடு பிடிக்கும் அந்தக் கையையே இங்கே பல நேரம் விட வேண்டும். இதை ஏற்றுக்கொள்ளத்தான் மனம் வராது.

இதன் மறுபக்கம்: உங்களுக்குக் கடினமானது எதிராளிக்கும் கடினம். இன்னும் ஒருவர் வெளியேறினால் மீதிப்பேருக்குப் பரிசு என்று நிற்கும் நேரத்தில், உங்களைவிடச் சிறிய, நடுத்தர ஸ்டாக் வைத்திருப்பவர்கள்மேல் அதிகம் ரெய்ஸ் செய்யுங்கள். உங்களை வெளியேற்றக்கூடிய பெரிய ஸ்டாக்கோடு மோதுவதைத் தவிருங்கள். இரண்டே பிக் பிளைண்ட் வைத்திருப்பவர் மேசையில் இருந்தால், அவர் போகும்வரை மற்ற நடுத்தர ஸ்டாக்குகள் விலகியே நிற்கும். அந்த நேரம் பிளைண்டைத் திருட ஏற்றது.

11. ஒரு கை, முதலிலிருந்து கடைசிவரை

பட்டனுக்கு முந்தைய இடம். உங்களிடம் 28,000, அதாவது 28 பிக் பிளைண்ட். இஸ்பேட் ஏஸ், டைமன் குயின். 2,200 ரெய்ஸ். 40,000 வைத்திருக்கும் பிக் பிளைண்ட் கால். பாட் 5,900, உங்கள் மீதி 25,800.

ஃப்ளாப்: ஆட்டின் குயின், ஆட்டின் 8, கிளாவர் 4. அவர் செக். நோக்கம்: லாபம். கால் செய்யும் மோசமான கைகள் குயின்-ஜாக், 9-8, இரண்டு ஆட்டின். டிரா இருப்பதால் 3,500. அவர் கால். பாட் 12,900, மீதி 22,300.

டர்ன்: இஸ்பேட் 2. யாருக்கும் உதவவில்லை. 7,000 வைக்கிறீர்கள். வைக்கும் முன்பே அடுத்ததை முடிவு செய்திருக்க வேண்டும்: அவர் ஆல்-இன் சொன்னால் மீதி 15,300 வைத்து 42,200-ஐப் பிடிக்க வேண்டும், தேவை 27%. அவர் தள்ளும் கைகளில் ஃப்ளஷ் டிராக்கள் உண்டு, அவற்றுக்கு எதிராக உங்களுக்கு 80% அளவு வாய்ப்பு. ஆகவே கால். இந்தப் பதில் தயாராக இல்லாமல் 7,000-ஐத் தொடக்கூடாது. அவர் வெறும் கால். பாட் 26,900, மீதி 15,300.

ரிவர்: ஆட்டின் கிங். அவர் செக். மூன்று மோசமான கைகளைப் பெயர் சொல்லிப் பாருங்கள். ஃப்ளஷ் வந்துவிட்டது, கிங்-குயின் உங்களைத் தாண்டிவிட்டது, குயின்-ஜாக் 15,300-ஐக் கால் செய்யத் தயங்கும். செக். ரிவரில் டைமன் 3 வந்திருந்தால் அதே கையோடு ஆல்-இன்.

அந்த ஆட்டின் கிங்கில் அவர் செக் செய்யாமல் ஆல்-இன் சொல்லியிருந்தால்? விலை டர்னில் பார்த்த அதே 27%. ஆனால் பதில் ஃபோல்ட். டர்னில் அவரிடம் இருந்த டிராக்கள் உங்களுக்கு லாபமாக இருந்தன. ரிவரில் அவையே கைகூடிய ஃப்ளஷ்கள். புதியவர்கள் ஆடும் மேசைகளில் ரிவரில் இப்படிப் பெரிதாக பிளஃப் செய்பவர்கள் குறைவு. விலை ஒன்றாக இருந்தும் முடிவு மாறுகிறது.

12. பயிற்சி

ஆட்டம் முடிந்ததும் தோற்ற பெரிய கைகளை மட்டும் எழுதாதீர்கள். ஜெயித்த கைகளிலும் தவறான அளவு இருக்கும். ஒவ்வொரு கைக்கும் ஐந்து குறிப்பு: பிக் பிளைண்டில் இருவரின் ஸ்டாக், இடம், பாட், பெட், அந்த நேரத்தில் நினைத்த நோக்கம். ஐந்தாவது காலியாக இருக்கும் கைகளை முதலில் எடுத்துப் பாருங்கள்.

ஆல்-இன் கைப்பட்டியலுக்கும் ஐசிஎம்முக்கும் இலவசக் கணக்கிடும் கருவிகள் இணையத்தில் உண்டு. 10 பிக் பிளைண்டுக்கான பட்டன் பட்டியலை மட்டும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு ஸ்மால் பிளைண்ட், அதன்பின் முதல் இடங்கள். மேசையில் இருக்கும்போது, நீங்கள் ஃபோல்ட் செய்துவிட்ட கைகளில் பாட் எவ்வளவு என்று மனதில் கூட்டிக்கொண்டே வாருங்கள். டீலரைக் கேட்டால் நோ-லிமிட்டில் அவர் பாட்டை எண்ணிச் சொல்லமாட்டார்.